ஆட்டத்தின் நடுவே ஒரு பேட்டி

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பந்து வீசப் போகிறவர், வீசுவதற்கு முன்னால் வர்ணனையாளருடன் உரையாடுகிறார். எங்கோ இருக்கும் உங்களுக்கு அவர் பேச்சு கேட்கிறது. எதிரே மட்டையுடன் நிற்பவருக்கோ கேட்பதில்லை! இது எப்படிக் கைகூடியது? வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இடைவேளையில் தொடங்கியது

1939 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க் நகரின் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ் அணிகள் அடுத்தடுத்து இரண்டு பேஸ்பால் ஆட்டங்கள் ஆடின. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் பேஸ்பால் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது அன்றுதான் முதல் தடவை. இரண்டே காமிராக்கள், பார்த்தவை சில நூறு பெட்டிகள். முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள், வர்ணனையாளர் ரெட் பார்பர் களத்தில் இறங்கி, இரு அணிகளின் ஆட்ட உத்திகளை வகுத்த லியோ டுரோச்சரையும் பில் மெக்கெக்னியையும் பேட்டி கண்டார்.

ஆட்டம் நடக்கும்போதே ஏன் பேட்டி காணவில்லை? அக்கால மைக் கனமானது, கம்பியால் கட்டுண்டது. அதை இழுத்துக்கொண்டு ஆட்டக்காரர் ஓட முடியுமா?

மைக் நெருங்கி வந்தது

கூட்டத்தின் ஆரவாரம் இன்னொரு தடை. இங்கே நீங்கள் வகுப்பில் படித்த எதிர்விகித இருமடி விதி உதவுகிறது. வாயிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்த மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், தூரம் 20-இல் ஒரு பங்காகும். குரலின் ஒலிச்செறிவு ஏறக்குறைய 400 மடங்காகும். சுற்றிலுமிருந்து வரும் ஆரவாரமோ அதே அளவில்தான் இருக்கும். ஆகவே குரல் தெளிவாகிறது.

மைக்கை ஆட்டக்காரரின் உடையிலேயே பொருத்த, 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் வழி திறந்தது. வெற்றிடக் குழல்கள் போய், சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலிப் பரப்பி வந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற அதிர்வெண் பண்பேற்ற முறையும் கைகொடுத்தது. மின் இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சையே குலைக்கும். செய்தியை அதிர்வெண்ணில் ஏற்றிவிட்டால் அந்த இரைச்சலைப் பெரிதும் ஒதுக்கிவிடலாம். காதில் ஒரு சிறு ஒலிப்பானையும் செருகிவிட்டால் இருவழிப் பேச்சு தயார்.

வார்ன் சொன்னதும் செய்ததும்

2011 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் போட்டியில் மெல்போர்ன் ஸ்டார்ஸ் அணிக்காகப் பந்து வீசினார் ஷேன் வார்ன். எதிரே பிரிஸ்பேன் ஹீட் அணியின் பிரெண்டன் மெக்கல்லம். மெக்கல்லம் அடுத்து எப்படி அடிக்க முயலக்கூடும், அதற்குத் தான் வேகமாக ஒரு பந்தைச் செலுத்திப் பார்க்கலாம் என்று வர்ணனையாளர்களிடம் சொன்னார் வார்ன். சொன்னபடியே வீசினார், ஸ்டம்பு சரிந்தது! ஒரு நிபுணரின் சிந்தனையையும் அதன் விளைவையும் சில நொடிகளுக்குள் மக்கள் கேட்டார்கள், கண்டார்கள்.

அதே கருவி, வேறு தீர்ப்பு

ஆனால் 1999 மே மாதம் நடந்ததை மறக்கலாகாது. இங்கிலாந்தின் ஹோவ் நகரில், உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக ஆடியபோது தென்னாப்பிரிக்கத் தலைவர் ஹன்சி குரோனியே காதில் ஒரு கருவி அணிந்திருந்தார். பயிற்சியாளர் பாப் உல்மர் வெளியிலிருந்து அதன் வழியே யோசனை சொன்னார். அதைத் தடுக்கும் விதி அன்று இல்லை. ஆயினும் ஆட்டத்தின் நடுவிலேயே கருவி கழற்றப்பட்டது. அத்தொடர் முழுவதற்கும் தடையும் வந்தது.

குரோனியேயின் காதிலிருந்ததும் வார்னின் காதிலிருந்ததும் ஒரே வகைக் கருவிதான். வானொலி அலைக்குப் பேட்டிக்கும் உபதேசத்துக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு, செய்தி செல்லும் திசையில் இருக்கிறது. ஆட்டக்காரரின் எண்ணம் வெளியே வந்தால் அது பேட்டி. வெளியார் எண்ணம் உள்ளே போனால் அது உதவி. வர்ணனையாளர்களில் பலர் முன்னாள் தலைவர்கள். "அங்கே ஒருவரை நிறுத்தலாமே" என்று அவர்களில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னாலும் எல்லை தாண்டியதாகிவிடும். எதிரணிக்கும் ஆபத்து உண்டு, அனுகூலமும் உண்டு: வார்னின் திட்டம் தொலைக்காட்சியில் ஊரறிய ஒலித்தது, மெக்கல்லத்தின் காதில் மட்டும் விழவில்லை.

அடுத்த முறை இத்தகைய பேட்டியைக் கேட்கும்போது, வர்ணனையாளர் கேள்விதான் கேட்கிறாரா, யோசனையும் சொல்கிறாரா என்று கவனித்துப் பாருங்கள். கருவியைச் செய்து தருவது இயற்பியலின் வேலை. ஆட்டத்தை நேர்மையாக வைத்திருப்பது மனிதரின் வேலை.