இருட்கூடத்தின் ஈர்ப்பு: ‘டூம்’ விளையாட்டின் வரலாறு

செவ்வாய்க் கோளைச் சுற்றிவரும் நிலவுகள் இரண்டு. 1877ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்தவர் அமெரிக்க வானியலார் அசாஃப் ஹால். கிரேக்கத் தொன்மத்தில் போர்க்கடவுளின் மைந்தர்களான ஃபோபோஸ், டெய்மோஸ் என்னும் இருவரின் பெயர்கள் அவற்றுக்கு வழங்கலாயின. முதற்பெயரின் பொருள் அச்சம்; இரண்டாவதன் பொருள் பேரச்சம். 1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் வெளிவந்த ‘டூம்’ என்னும் கணிப்பொறி விளையாட்டு இவ்விரு நிலவுகளையும், அவற்றுக்கு அப்பால் நரகத்தையும் தன் களமாகக் கொண்டது. பெயரில்லாத படைவீரன் ஒருவன் தன்னந்தனியனாக அங்கே திரிகிறான். ஆடுபவர் அவனை வெளியிலிருந்து காண்பதில்லை. அவனுடைய கண்கள் வழியாகவே கூடங்களையும் அவற்றில் பதுங்கியிருக்கும் கொடிய உயிர்களையும் காண்கிறார். திரையின் கீழே சிறு கட்டத்தில் தெரியும் வீரனின் முகம், காயம் மிகமிகக் குருதியில் நனைந்துகொண்டே போகும்.

இதைக் காட்டிலும் அழகிய திரைக்காட்சிகள் கொண்ட விளையாட்டுகள் பின்னர் எண்ணற்றவை தோன்றிவிட்டன. ஆயினும் முப்பது ஆண்டுகள் கடந்தும் டூமை ஆடுவோர் உளர். அதற்குப் புதிய களங்களை அமைப்போரும் உளர். அந்த ஈர்ப்பு கொலையின் ஈர்ப்பா, கலையின் ஈர்ப்பா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.

தோற்றம்

டூமை ஆக்கியவர்கள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து மெஸ்கிட் நகரில் இயங்கிய ஐடி சாஃப்ட்வேர் என்னும் சிறு குழுவினர். நிரலாக்கத்தில் வல்லவர் ஜான் கார்மாக். களம் அமைப்பதில் தேர்ந்தவர் ஜான் ரொமேரோ. ஓவியம் தீட்டியவர்களுள் முதன்மையானவர் ஏட்ரியன் கார்மாக். பின்னர் வந்து சேர்ந்த சாண்டி பீட்டர்சன் மிகப் பல களங்களை அமைத்தார். இசையும் ஒலியும் பாபி பிரின்ஸ் அளித்தவை.

இக்குழு 1992 மே மாதத்தில் வெளியிட்ட ‘வூல்ஃபென்ஸ்டைன் 3டி’ இதற்கு முன்னோடி. அதில் சுவர்கள் யாவும் ஒரே உயரம். மூலைகள் யாவும் செங்கோணம். ஒளியும் எங்கும் ஒரே அளவு. டூமில் இவை மூன்றும் மாறின. சுவர்கள் சாய்ந்தன, தரைகள் ஏறி இறங்கின, ஒளி கூடத்துக்குக் கூடம் வேறுபட்டது.

குழுவினருள் ஒருவரான டாம் ஹால் இவ்விளையாட்டுக்கென விரிவான கதையொன்றை எழுதினார். மாந்தர்கள், நிலையங்கள், நிகழ்ச்சிகள் எனப் பலவும் அதில் வகுக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் விரைவையே விரும்பினர். கதை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஹாலும் 1993இலேயே குழுவை விட்டு விலகினார். கதையை இழந்த விளையாட்டு, தான் சொல்ல வேண்டியதை இடங்களின் வழியாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

தளையும் விடுதலையும்

அக்காலக் கணிப்பொறியின் ஆற்றல் மிகச் சிறிது. குறுக்கில் 320, நெடுக்கில் 200 புள்ளிகளே திரையில் தீட்டப்பட்டன. கண்ணுக்கு எட்டும் சுவர்கள் அனைத்தையும் நொடிக்குப் பலமுறை வரைவது அரிய செயல். 1980ஆம் ஆண்டில் ஹென்றி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் ஆகிய மூவர் ஆய்வுக் கட்டுரையொன்றில் விளக்கிய முறையைக் கார்மாக் இதற்குக் கைக்கொண்டார். களத்தின் வரைபடம் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்படும். அவ்விரண்டும் மீண்டும் இவ்விரண்டாகப் பிரியும். இவ்வாறு கிளைத்துச் செல்லும் மரம் ஒன்று முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்படும். ஆடுபவர் எங்கு நின்றாலும், அம்மரத்தைப் பின்பற்றினால் எந்தச் சுவர் அருகில், எந்தச் சுவர் தொலைவில் என்பது உடனே புலப்படும். அருகில் உள்ளது முதலில் வரையப்படும். அது மறைத்ததை மீண்டும் வரைய வேண்டுவதில்லை.

இம்முறையைப் பயன்படுத்திய டூமின் உலகம் உண்மையில் தட்டையான வரைபடமே. ஓர் அறையின் மேல் மற்றோர் அறை அமையாது. வீரன் அண்ணாந்து பார்க்கவும் குனிந்து பார்க்கவும் இயலாது. மேலேயோ கீழேயோ நிற்கும் பகையை நோக்கி அவன் சுட்டால், குண்டின் ஏற்ற இறக்கத்தை விளையாட்டே பார்த்துக்கொள்ளும். யாப்புக்கு அடங்கிப் பாடும் கவிஞர்களுக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். மேலும் கீழும் நோக்க வேண்டாத கண் முன்னோக்கியே விரைகிறது. ஆடுபவரின் கவனம் முழுவதும் ஓட்டத்திலும் விலகலிலும் நிலைகொள்கிறது. பகைவர் பலர் எறியும் நெருப்புருண்டைகள் கண்ணால் கண்டு விலகத்தக்க வேகத்திலேயே வருகின்றன. ஆகவே சுடுதலினும் விலகுதலே இவ்விளையாட்டின் உயிர்நாடி எனலாம்.

இருளும் ஒளியும்

ரொமேரோ களம் அமைக்கையில் சில நெறிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். தரையின் தோற்றம் மாறினால் அதன் உயரமும் மாற வேண்டும். இருளும் ஒளியும் முரண்பட்டு நிற்க வேண்டும். கடந்து வந்த இடத்துக்கே ஆடுபவர் வேறு வழியாக மீண்டும் வந்து சேர வேண்டும் என்பன அவற்றுட் சில. முதற்களத்திலேயே இதன் பயனைக் காணலாம். சாளரத்தின் வழியே வெளிமுற்றம் ஒன்றும் அங்கே நீலக் கவசம் ஒன்றும் தெரிகின்றன. அவ்விடத்துக்கு வெளிப்படையான வழி இல்லை. மறைவழி ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கே கவசம் கிட்டும். காட்டிவிட்டு மறைத்தல் என்னும் இவ்வுத்தி, ஆடுபவரை ஒவ்வொரு சுவரையும் ஐயுற்று நோக்கச் செய்கிறது.

ஒலியும் அவ்வாறே கையாளப்பட்டது. துப்பாக்கி முழங்கினால் அவ்வொலி கூடங்களின் வழியே பரவி, கேட்ட பகைவரை எழுப்பிவிடும். சிலர் மட்டும் ஒலிக்கு அசையாமல் பதுங்கிக் காத்திருப்பர். உறுமல் முதலில் கேட்கும். உருவம் பின்னரே தெரியும். ஒருவன் எறிந்தது தவறி மற்றொருவன் மேற்பட்டால் அவர்கள் தமக்குள்ளேயே பொருதுகொள்வதும் உண்டு. அச்சம், மருட்கை, பெருமிதம் ஆகிய மெய்ப்பாடுகள் சில நொடிகளுக்குள் ஒன்றையொன்று தொடர்வது இதனாலேயே.

பரவலும் பழியும்

முதற்பகுதியின் ஒன்பது களங்களும் இலவசமாக வழங்கப்பட்டன. எஞ்சிய இரு பகுதிகளை விரும்பியவர்கள் விலை கொடுத்துப் பெற்றனர். வெளியீட்டு நாளன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியில் கோப்பை ஏற்ற முயன்றபோது, அங்கே காத்திருந்தோர் கூட்டத்தின் மிகுதியால் முதலில் ஏற்றுவதே இயலாமற் போயிற்று. ஒரே வலையமைப்பில் நால்வர் வரை சேர்ந்து ஆடவும் தமக்குள் பொருதவும் முடிந்தது. இந்தப் போட்டிக்கு ‘டெத்மேட்ச்’ எனப் பெயரிட்டவர் ரொமேரோ.

புகழுடன் பழியும் வந்தது. ஜெர்மனி 1994இல் டூமை இளைஞர்க்கு ஒவ்வாதவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2011இல்தான் நீக்கியது. 1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் மாணவர் இருவர் பலரைச் சுட்டுக் கொன்றனர். அவர்கள் டூமை விரும்பி ஆடியவர்கள். ஒருவர் தாமே களங்களும் அமைத்தவர். விளையாட்டு நிறுவனங்களுக்கு எதிராக, பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2002இல் தள்ளுபடியாயிற்று. நூல்களுக்கும் நாடகங்களுக்கும் உள்ள கருத்துரிமைப் பாதுகாப்பு இத்தகைய விளையாட்டுகளுக்கும் உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. எனினும் மகவை இழந்த பெற்றோரின் வினாவைச் சட்டத்தின் விடை முற்றும் தீர்த்துவிடாது. கொலையைக் களியாட்டாக்கிய படைப்பு என்னும் குறை டூமைப் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் இடம்பெற வேண்டியதே.

எஞ்சி நிற்பது

1997 டிசம்பரில் கார்மாக் டூமின் மூலநிரலை யாவரும் காண வெளியிட்டார். 1999இல் அது தளையற்ற பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதன்பின் கணக்கிடு கருவியிலும் ஒளிப்படக் கருவியிலும் அச்சுப்பொறியிலும்கூட ஆர்வலர்கள் டூமை இயக்கிக் காட்டினர். களக் கோப்புகள் தொடக்கத்திலேயே தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால், ஆடியவர்களே ஆக்குவோராக மாறினர். அவர்களுட் சிலர் ஆக்கிய களங்கள் 1996இல் ‘ஃபைனல் டூம்’ என விற்பனைக்கே வந்தன. 2015இல் ராசெஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகம் தன் விளையாட்டுப் புகழ்மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்த ஆறனுள் டூமும் ஒன்று. முப்பதாண்டு நிறைந்த 2023 டிசம்பர் 10 அன்று ரொமேரோவே புதிய களத் தொகுதி ஒன்றை வெளியிட்டார்.

1993இல் காண்போரைத் திடுக்கிடச் செய்த குருதி இன்று கரடுமுரடான செம்புள்ளிகளாகவே தெரிகிறது. அது எவரையும் நடுங்கச் செய்வதில்லை. ஆனால் விளக்கு அணைந்து எரியும் நடையும், சாளரத்துக்கு அப்பால் எட்டாமல் கிடக்கும் கவசமும், சுவருக்குப் பின்னிருந்து வரும் உறுமலும் இன்றும் ஆற்றல் குன்றாதவை. கொலையே ஈர்ப்பாக இருந்திருப்பின், அதை இன்னும் தத்ரூபமாகக் காட்டும் புதியவை வந்தபோதே டூம் மறைந்திருக்கும். மறையாமல் நின்றது அதன் இட அமைப்பு. அதை நிற்கச் செய்தவர்கள், ஆடியதோடு அமையாமல் தாமும் ஒரு கூடம் கட்டிப் பார்த்த எண்ணற்ற வாசகர்கள்.