மாற்று இதயம் நல்லா துடிச்சுது... ஆனாலும் 18 நாளில் மரணம்! உலகின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சையில் நடந்தது என்ன?

1967 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் உள்ள க்ரூட் ஷூர் மருத்துவமனையில், ஒருவரின் இதயம் இன்னொருவரின் மார்புக்குள் துடிக்கத் தொடங்கியது. உலகமே வியந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றார்.

ஆனால் இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கன்ஸ்கி 18-வது நாளில் இறந்துவிட்டார். கடைசி வரை அந்த இதயம் நன்றாகவே வேலை செய்தது. அப்படின்னா அவர் உயிர் போனது எதனால்?

நாயின் கழுத்தில் துடித்த இதயம்

இந்தக் கதை 1905-ல் அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்குகிறது. அலெக்சிஸ் காரல், சார்லஸ் கத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறிய நாயின் இதயத்தை எடுத்து, பெரிய நாயின் கழுத்து ரத்தக்குழாய்களோடு இணைத்தனர். அது சுமார் இரண்டு மணி நேரம் துடித்தது.

வெட்டி எடுத்த இதயம் எப்படித் துடிக்கும்னு தோணலாம். இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. துடிப்புக்கான மின்தூண்டலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். ரத்தமும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும். ரத்தக்குழாய்களைத் தைக்கும் முறையைக் கண்டறிந்த காரலுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1940-களில் சோவியத் ஒன்றியத்தின் விளாதிமிர் டெமிகோவ், நாய்களின் மார்புக்குள்ளேயே இதயத்தைப் பொருத்திக் காட்டினார். 1953-ல் அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தை நோயாளிக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இதயத்தை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை செய்ய வழி திறந்தது இதனால்தான்.

வழி காட்டிய ஸ்டான்ஃபோர்ட்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஷம்வே, ரிச்சர்ட் லோயர் என்ற இரு மருத்துவர்கள், மாற்றுவதற்கான எளிய முறையை உருவாக்கினர். பழைய இதயத்தை முழுவதுமாக எடுக்காமல், மேல் அறைகளின் பின்பகுதியை அப்படியே விட்டு, புது இதயத்தை அதோடு சேர்த்துத் தைத்தனர். இதனால் தையல் போட வேண்டிய இடங்கள் குறைந்தன. 1960-ல் வெளியான அவர்களது ஆய்வில் ஒரு நாய் 21 நாள் உயிர்வாழ்ந்தது.

1964-ல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி, சிம்பன்சியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அது இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

பர்னார்ட் பயன்படுத்தியதும் ஷம்வேயின் முறையைத்தான்.

ஒரு தந்தையின் முடிவு

டிசம்பர் 2 அன்று கேப் டவுனில் நடந்த சாலை விபத்தில் 25 வயது டெனிஸ் டார்வாலின் மூளை மீள முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. அவரது தாய் அங்கேயே இறந்துவிட்டார். மனைவியைப் பறிகொடுத்து, மகளும் பிழைக்க மாட்டார் என்று தெரிந்துகொண்ட சில நிமிடங்களில், தந்தை எட்வர்ட் டார்வால் இதயத்தைத் தானமாகத் தரச் சம்மதித்தார். இதயம் செயலிழந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த மளிகை வியாபாரி வாஷ்கன்ஸ்கிக்கு அது பொருத்தப்பட்டது.

18 நாளில் என்ன ஆச்சு?

நம் உடலில் வெளியாள் யார், வீட்டாள் யார் என்று பிரித்துப் பார்க்கும் ஒரு காவல் இருக்கு. அதுதான் நோய் எதிர்ப்பு மண்டலம். கிருமியைத் தாக்குவதும் அதுதான், வேறொருவரின் உறுப்பைத் தாக்குவதும் அதுதான். அதை அடக்கினால் இதயம் பிழைக்கும். அடக்கியது அதிகமானால் கிருமி உள்ளே வந்துவிடும்.

வாஷ்கன்ஸ்கியின் நுரையீரலில் மாற்றம் தெரிந்தபோது, புது இதயத்தை உடல் ஏற்க மறுக்கிறது என்று மருத்துவர்கள் நினைத்தனர். எதிர்ப்பு சக்தியை அடக்கும் சிகிச்சையைத் தீவிரப்படுத்தினர். உண்மையில் அவருக்கு வந்திருந்தது நிமோனியா. டிசம்பர் 21 அன்று அவர் இறந்தார்.

ஓராண்டில் 100-க்கு மேல்... அப்புறம்?

1968 ஜனவரியில் பர்னார்ட் சிகிச்சை அளித்த பல் மருத்துவர் பிலிப் பிளைபெர்க் 19 மாதம் வாழ்ந்தார். நம்பிக்கை பிறந்தது. அந்த ஓராண்டில் மட்டும் உலகம் முழுக்க 100-க்கும் மேற்பட்ட இதய மாற்று அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் சில நாட்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர். பல மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன.

ஷம்வே விடவில்லை. 1973-ல் அவரது குழுவைச் சேர்ந்த பிலிப் கேவ்ஸ், கழுத்துச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி இதயத்திலிருந்து கடுகளவு தசையை எடுத்துப் பரிசோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உடல் இதயத்தை எதிர்க்கிறதா என்று இனி ஊகிக்கத் தேவையில்லை. வாஷ்கன்ஸ்கிக்குக் கிடைக்காத வசதி இது.

அடுத்த திருப்பம், நார்வே மண் மாதிரியில் கிடைத்த ஒரு பூஞ்சை. அதிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் சைக்ளோஸ்போரின் மருந்தை உருவாக்கியது. எதிர்ப்பு சக்தியை மொத்தமாக முடக்காமல், உறுப்பைத் தாக்கும் பகுதியைக் குறிவைத்து அடக்கும் மருந்து இது. 1983-ல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. கைவிட்ட மருத்துவமனைகள் மீண்டும் தொடங்கின. இப்போது இதயம் மாற்றிக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 10 ஆண்டுகளைக் கடக்கின்றனர்.

இந்தியாவில் எப்போது?

பர்னார்டுக்கு அடுத்த சில வாரங்களிலேயே, 1968 பிப்ரவரியில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே.சென் முயன்றார். நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். மூளைச்சாவைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 1994-ல்தான் வெற்றி கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி.வேணுகோபால் தலைமையிலான குழு அதைச் சாதித்தது.

2008-ல் சென்னையில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளி மாணவரின் இதயத்தைத் தானம் தர அவரது பெற்றோர் சம்மதித்தனர். போலீசார் சாலையில் வழி ஏற்படுத்தித் தர, அந்த இதயம் இன்னொரு மருத்துவமனையில் இருந்த ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. மருத்துவம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் எட்வர்ட் டார்வால் அன்று சொன்ன அந்தச் சம்மதத்தை, இன்றைக்கும் ஒரு குடும்பம்தான் சொல்ல வேண்டியிருக்கு.