மேடையேறும் அரசியல் தலைவர்கள்: இந்திய நாடகங்கள் சந்தித்த தடைகளும் வழக்குகளும்

மும்பை: அரசியல் தலைவர் ஒருவரை நூலில் விமர்சிப்பதும், அவரை மேடையில் நடமாடவிட்டுப் பேச வைப்பதும் ஒன்றல்ல. நூல் தனிமையில் வாசிக்கப்படுகிறது. நாடகமோ கூட்டத்தின் நடுவே பார்க்கப்படுகிறது. பலரால் வெறுக்கப்படும் மனிதரின் வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்தாலோ, போற்றப்படும் தலைவரைப் பார்த்து அரங்கம் சிரித்தாலோ அன்றிரவே சர்ச்சை தொடங்கிவிடுகிறது. இந்திய நாடகக் கலைஞர்கள் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இந்தச் சிக்கலை எதிர்கொண்டு வருகின்றனர். அவர்கள் கையாண்ட வழிகளையும், அவற்றுக்குச் சட்டம் அளித்த பதிலையும் இத்தொகுப்பு விளக்குகிறது.

ஒரு கேலி நாடகமும் ஒரு சட்டமும்:

வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணத்தின்போது, கல்கத்தா வழக்கறிஞர் ஜகதானந்த முகர்ஜி அவரைத் தமது இல்லத்துக்கு அழைத்து, வீட்டுப் பெண்களைக் கொண்டு வரவேற்பு அளித்தார். இந்நிகழ்வைக் கேலி செய்து, கிரேட் நேஷனல் தியேட்டர் குழுவினர் 1876 பிப்ரவரியில் 'கஜதானந்தாவும் யுவராஜாவும்' என்ற நாடகத்தை மேடையேற்றினர். பெயர் சற்றே மாற்றப்பட்டிருந்தாலும், யாரைக் குறிக்கிறது என்பது பார்வையாளர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

ஆங்கிலேய அரசு உடனடியாக அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக உருப்பெற்றது. அவதூறானவை, அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டுபவை எனக் கருதப்படும் நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் அரசுக்கு வழங்கியது.

புராணம் எனும் முகமூடி:

இச்சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப, நாடக ஆசிரியர்கள் புராணக் கதைகளை நாடினர். மராத்தி நாடக ஆசிரியர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 1907-இல் எழுதிய 'கீசக வதம்' இதற்குச் சிறந்த சான்று. மகாபாரதக் கதையில் எந்த மாற்றமும் வெளிப்படையாகச் செய்யப்படவில்லை. ஆயினும் கீசகனிடம் வைஸ்ராய் கர்சனையும், திரௌபதியிடம் இந்தியாவையும், பொறுமை காக்கும் தருமரிடம் மிதவாதிகளையும், பொங்கி எழும் பீமனிடம் தீவிரவாதப் பிரிவினரையும் பார்வையாளர்கள் கண்டனர். 1910-இல் அரசு அந்நாடகத்தைத் தடை செய்தது. யாருடைய பெயரையும் சொல்லாமலே ஓர் ஆட்சியாளரை மேடையில் நிறுத்தலாம் என்பதை அந்நாடகம் காட்டியது. அதைத் தடை செய்ததன் மூலம், கீசகன் யார் என்பதை அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

வரலாற்றின் வழியே நிகழ்காலம்:

விடுதலைக்குப் பின் புராணத்தின் இடத்தை வரலாறு பிடித்தது. கிரீஷ் கர்னாட் 1964-இல் கன்னடத்தில் எழுதிய 'துக்ளக்' நாடகத்தில், நேரு காலத்தின் பெருங்கனவுகளையும் அவை கலைந்த ஏமாற்றத்தையும் பலர் கண்டனர். தமிழில் சோ ராமசாமி 1968-இல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' அதே மன்னரின் பெயரைக் கொண்டு, சமகால அரசியலை நேரடியாகக் கேலி செய்தது.

இவ்வகையில் மிகக் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது விஜய் தெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்'. ஜப்பார் படேல் இயக்கத்தில் 1972 டிசம்பரில் புனேயில் அரங்கேறிய இந்நாடகத்தின் மையப் பாத்திரங்களில் ஒருவர், பேஷ்வா ஆட்சியின் புகழ்பெற்ற அமைச்சர் நானா பட்னாவிஸ். நாடகத்தில் காசிராம் என்பவர் தம் மகளை நானாவின் இச்சைக்குக் கொடுத்து, நகரக் காவல் தலைவர் பதவியைப் பெறுகிறார். அவரது கொடுமைகளைக் கண்டும் காணாமல் இருக்கும் நானா, மக்கள் கொதித்தெழுந்ததும் அவரை அவர்களிடமே பலி கொடுத்துவிடுகிறார்.

மராத்திய அரசை வீழாமல் காத்த ராஜதந்திரியைக் காமுகராகச் சித்திரிப்பதா என்றும், புனே பிராமணர்களை இழிவுபடுத்துவதா என்றும் எதிர்ப்பு எழுந்தது. 19 காட்சிகளுக்குப் பின், நாடகத்தைத் தயாரித்த அமைப்பே அதை நிறுத்தியது. அதிலிருந்து விலகிய கலைஞர்கள் 'தியேட்டர் அகாடமி' என்ற புதிய குழுவைத் தொடங்கி, மீண்டும் மேடையேற்றினர். 1980-இல் அக்குழு ஐரோப்பியப் பயணத்துக்கு ஆயத்தமானபோது எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கியது.

இது வரலாற்று நாடகம் அன்று என்பதே தெண்டுல்கரின் விளக்கம். அதிகாரத்தில் இருப்போர் தமக்குத் தேவையான அடியாள்களை வளர்த்து, தேவை தீர்ந்ததும் கைவிடும் போக்கே நாடகத்தின் பொருள். ஆனால், உண்மைப் பெயரைப் பயன்படுத்திய பின் இவ்விளக்கம் போதுமானதா என்ற கேள்வி இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

ஆட்சியாளர்களுடன் நேரடி மோதல்:

முகமூடியைக் களைந்தவர்களும் உண்டு. 1946-ஆம் ஆண்டின் கடற்படைக் கிளர்ச்சியை மையமாகக் கொண்ட உத்பல் தத்தின் 'கல்லோல்' நாடகம், 1965-இல் கல்கத்தா மினர்வா அரங்கில் மேடையேறியது. கிளர்ச்சியாளர்களைக் காங்கிரஸ் தலைமை கைவிட்டது என்பதே அதன் குற்றச்சாட்டு. அதே ஆண்டு உத்பல் தத் கைது செய்யப்பட்டு, விசாரணையின்றிப் பல மாதங்கள் சிறையில் வைக்கப்பட்டார்.

இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி சப்தர் ஹாஷ்மி உள்ளிட்டோரின் ஜன நாட்டிய மஞ்ச் குழு, 'குர்சி, குர்சி, குர்சி' என்ற வீதி நாடகத்தை டெல்லியில் நிகழ்த்தியது. அரசர் எழுந்தாலும் நாற்காலி அவரைவிட்டு அகல மறுக்கும் அக்காட்சியில் யாருடைய பெயரும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

கொலையாளியின் குரல்:

மகாத்மா காந்தியைக் கொன்ற நாதுராம் கோட்சேவை மேடையில் பேச வைத்தது, பிரதீப் தளவி எழுதிய 'மீ நாதுராம் கோட்சே போல்தோய்' என்ற மராத்தி நாடகம். 'நான் நாதுராம் கோட்சே பேசுகிறேன்' என்பது தலைப்பின் பொருள். 1998 ஜூலையில் மும்பையில் அரங்கேறிய சில நாள்களிலேயே நாடெங்கும் எதிர்ப்பு வலுத்து, மகாராஷ்டிர அரசு அதை நிறுத்தியது. நாடக நூலைப் பறிமுதல் செய்யும் அரசாணையை 2001-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் நாடகம் மீண்டும் மேடையேறியது.

கொலையாளியின் மனநிலையை அறிவது, கொலையை நியாயப்படுத்துவது ஆகாது என்பது ஆதரவாளர்களின் வாதம். கோட்சேவே கதைசொல்லியாக நின்று பார்வையாளரிடம் நேரடியாக முறையிடும்போது, கொல்லப்பட்டவரின் பதிலுக்கு அதே அளவு இடமில்லை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பின்னதை வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என ஒதுக்க இயலாது. அது நாடகத்தின் அமைப்பு குறித்த விமர்சனமும்கூட.

மறுமொழிக்கும் இடம்:

அதே காந்தியை வேறு விதமாக அணுகிய நாடகங்களும் உள்ளன. அஜித் தளவியின் 'காந்தி விருத்த காந்தி' நாடகம், தந்தையான காந்தியை மூத்த மகன் ஹரிலாலின் கேள்விகளுக்கு முன் நிறுத்துகிறது. பிரேமானந்த் கஜ்வியின் 'காந்தி - அம்பேத்கர்' நாடகத்தில் இரு தலைவர்களும் மோதுகின்றனர். இருவரையும் கேள்வி கேட்க விதூஷகன் ஒருவனும் இருக்கிறான். காந்தி கடுமையாக விமர்சிக்கப்படும் இந்நாடகங்களில், பதில் சொல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கிறது.

சட்டத்தின் இன்றைய நிலை:

1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என அலகாபாத் உயர் நீதிமன்றம் 1956-இலேயே தீர்ப்பளித்தது. எனினும், நாடாளுமன்றம் 2017 டிசம்பரில் நிறைவேற்றிய நீக்கச் சட்டத்தின் மூலமே அது முழுமையாக விலக்கப்பட்டது. தமிழ்நாட்டில், நாடகப் பிரதியைக் காவல் துறை முன்கூட்டியே ஆராய வழிசெய்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளை, 'பரீக்‌ஷா' ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாதவை என அறிவித்தது.

மகாராஷ்டிரத்தில், மேடையேற்றத்துக்கு முன் பிரதியை ஆய்வு வாரியத்தின் ஒப்புதலுக்கு அனுப்பும் முறை தொடர்ந்தது. இதை எதிர்த்து நடிகர் அமோல் பாலேகர் 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

முன்தணிக்கை இல்லாத இடங்களிலும் வழக்குக்கு வழி உண்டு. இறந்தவர் மீதான பழிச்சொல், அவர் உயிருடன் இருந்திருந்தால் நற்பெயரைக் கெடுத்திருக்கும் என்ற அளவில் அமைந்து, குடும்பத்தினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமும் கொண்டிருந்தால் அது அவதூறாகலாம் என பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு கூறுகிறது. காந்தியைப் பற்றிய மராத்திக் கவிதை தொடர்பான வழக்கில், போற்றப்படும் வரலாற்றுத் தலைவர்களின் வாயிலாக ஆபாசச் சொற்களைப் பேசவைக்கக் கவிஞருக்கும் உரிமை இல்லை என 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மேடை வசனங்களுக்கும் இத்தீர்ப்பு சுட்டிக்காட்டப்படக் கூடும்.

ஒரு தலைவரைச் சித்திரிக்கலாமா, கூடாதா என்பதே பெரும்பாலான வழக்குகளின் மையமாக இருந்து வந்துள்ளது. நாடகங்கள் முன்வைக்கும் கேள்வியோ வேறு: மேடையில் யார் பேசுகிறார், அவருக்கு யார் பதில் சொல்கிறார்? தடை உத்தரவு அக்கேள்விக்கு விடை தருவதில்லை. 'காசிராம் கோத்வால்' நிறுத்தப்பட்ட பின் மீண்டும் வந்தது. கோட்சே நாடகமும் அவ்வாறே வந்தது. அவற்றை ஏற்பதும் மறுப்பதும் இறுதியில் அரங்கில் அமர்ந்திருப்போரின் கையில்தான் உள்ளது.