பூகிஸ் கெரிஸ் கைப்பிடிகள்

பூகிஸ் கெரிஸ் கைப்பிடிகள், இந்தோனேசியாவின் தெற்குச் சுலாவெசியைத் தாயகமாகக் கொண்ட பூகிஸ் மக்களின் குத்துவாளுக்குச் செதுக்கப்படும் பிடிகள். இவ்வாளை மலாய் மொழியில் கெரிஸ் என்றும், பூகிஸ் மொழியில் தப்பி என்றும், அண்டையிலுள்ள மக்காசார் மக்களின் மொழியில் செலே என்றும் அழைப்பர். சுலாவெசிக்கு வெளியேயும் இப்பாணி வேரூன்றியதால், ஒரு பிடி எந்த வட்டாரத்தில் உருவானது என்பதைப் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பரவல்

1669இல் மக்காசார் மக்களின் கோவா அரசின் சோம்பா ஓப்பு கோட்டை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதன் கூட்டாளியான பூகிஸ் அரசு போனேயின் இளவரசர் அருங் பலாக்காவுக்கும் முன் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மற்றொரு பூகிஸ் அரசான வாஜோவின் தலைநகர் தொசோராவும் வீழ்ந்தது. இத்தோல்விகளையடுத்து பூகிஸ், மக்காசார் குடும்பங்கள் பல கிழக்குக் கலிமந்தான், சுமத்திரா, மலாய்த் தீபகற்பம் ஆகிய இடங்களுக்குக் கப்பலேறின. 1722 முதல் ரியா தீவுகளில் துணையரசர் பதவி பூகிஸ் தலைவர்களிடம் இருந்தது. மலாய்த் தீபகற்பத்தின் சிலாங்கூர் அரச மரபும் அவர்கள் வழிவந்ததே. குடியேறியவர்களின் வாளைக் கண்டு உள்ளூர்ச் சிற்பிகளும் அவ்வடிவைத் தம் கைப்பழக்கத்திற்கேற்பச் செதுக்கினர்.

வட்டார அடையாளங்கள்

தெற்குச் சுலாவெசிப் பிடியின் தலைப்பகுதி ஏறக்குறையச் செங்கோணத்தில் முன்னோக்கி வளைந்திருக்கும். பறவைத் தலையை நினைவூட்டும் இவ்வடிவில் முகக்கூறுகள் மிகவும் சுருக்கப்பட்டிருக்கும். மரம், கொம்பு ஆகியவற்றோடு, உயர்குடியினருக்காக யானைத் தந்தம், கடற்பாலூட்டிகளின் பல், பொன், வெள்ளி ஆகியவையும் பயன்பட்டன.

மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் ‘ஜாவா டெமாம்’ வடிவம் பரவலாக உள்ளது. குந்தியமர்ந்து கைகளை உடலோடு அணைத்துக்கொண்ட உருவம், இதில் இலைக்கொடிச் செதுக்கலுக்குள் கரைந்து நிற்கும். கெமுனிங் மரம் இங்கு விரும்பப்படும் பொருள். பிடியும் அலகும் சேருமிடத்தில் ‘பெண்டோங்கோக்’ எனும் கிண்ண வடிவ உலோக வளையம் அமைந்திருக்கும். தென் தாய்லாந்தின் பட்டானிப் பகுதியின் நீண்ட மூக்குடைய ‘தாஜோங்’ பிடி இவற்றினின்று வேறான மரபு. சும்பாவாத் தீவின் பீமா அரசில் உருவத்தைத் தெளிவாகக் காட்டும் பிடிகளும் இருந்தன.

கணிக்கும் முறை

கெரிஸ் பிடி அலகின் வால்பகுதியில் செருகப்படுவது, கழற்றி மாற்றக்கூடியது. பரம்பரைச் சொத்தாகவும் பரிசாகவும் வணிகப் பொருளாகவும் வாள் கைமாறியபோது, புதிய உடைமையாளர் தம் ஊர்ப் பிடியையும் உறையையும் பொருத்திக்கொள்வது வழக்கம். எனவே அலகின் பிறப்பிடம் பிடியின் பிறப்பிடம் ஆகாது. வளைவின் கோணம், செதுக்கலின் ஆழம், பொருள், வளையம், உறையின் வாய்ப்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, அவை ஒரே வட்டாரத்தைச் சுட்டும்போதுதான் கணிப்பு வலுப்பெறும்.

பிடி பூகிஸ் வடிவில் இருப்பதால் மட்டும் அதைச் சுலாவெசிக்கு உரியதாகப் பதிவது, ரியாவிலும் சிலாங்கூரிலும் அவ்வடிவை வளர்த்த சிற்பிகளின் பங்கை மறைத்துவிடும். பாணியையும் செய்யப்பட்ட இடத்தையும் தனித்தனியே குறிக்கும் அருங்காட்சியகப் பதிவே அவர்களுக்கு உரிய இடத்தைத் தருகிறது.