பி.எஸ்.ஏ.

பாடி, அம்பத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள்தான். அதைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் 1949-இல் தொடங்கியது. ஆனால் அந்த மூன்று எழுத்தின் விரிவு ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’. 1861-இல் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி அமைத்த கம்பெனி அது. முத்திரையே ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். சைக்கிள் 1880 வாக்கில்தான் வந்தது.

‘ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்பதைக் குட்டித் துப்பாக்கி என்று கொள்ளக்கூடாது. பீரங்கிபோல் இழுத்துப் போகாமல் ஒரு ஆள் கையில் தூக்குவது எல்லாமே அதில் அடங்கும். நிஜமான குட்டியையும் அவர்கள் செய்தார்கள்: பாயின்ட் டூ டூ. குழலின் உள்விட்டம் அங்குலத்தில் 0.22, ஏறக்குறைய 5.6 மி.மீ. முயல் வேட்டைக்கும் குறி பழகவும் போதும். இலக்குச் சுடலுக்கான அவர்களுடைய மார்ட்டினி ரைஃபிளில் விசைக்குக் கீழுள்ள லீவரைத் தள்ளினால் அடைப்புக்கட்டை தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டா. லீவரை மேலே இழுத்தால் தயார்.

‘துப்பாக்கி’யும் நம் சொல் அல்ல. துருக்கியிலிருந்து வந்தது என்கிறது தமிழ்ப் பேரகராதி. ‘துப்பு’கிறது, அதனால் துப்பாக்கி என்பது சுவையான விளக்கம், அவ்வளவே.

தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ‘பாடி’க்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று, படை தங்கும் இடம்.