ஐக்கியமும் ஒரே பந்தியும்

1888-ஆம் ஆண்டு இலண்டன் லாம்பெத் அரண்மனையில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள், பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றுபட நான்கு அடிப்படைகளை வகுத்தனர்: திருமறை, விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்று வழிவந்த பேராயர் பதவி. நான்காவதையே தம் அடையாளமாகப் போற்றினர். இழுபறிக்கும் அதுவே காரணமாயிற்று.

நம் கோவையில் 1830 முதல் பணியாற்றிய இலண்டன் மிஷனின் சபைகளோ பேராயர் இன்றியே வளர்ந்தவை. அவை 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய அசரியா முதலிய இந்தியத் தலைவர்கள், மேலைநாட்டார் சுமத்திய பிரிவினைகள் நமக்கு வேண்டா என்று கூறி, லாம்பெத்தின் நான்கு அடிப்படைகளையே ஏற்றனர். 28 ஆண்டுப் பேச்சுக்குப்பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் கோயமுத்தூர்த் திருமண்டலம் அமைந்தது.

ஆயின், அந்நான்கினுள் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! சபைக்குள் சாதி கூடாதென்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே கட்டளையிட்டிருந்தார். பேராயர் பதவியின் வழிமரபை ஆராய்ந்த அறிஞர்கள், திருவிருந்துப் பாத்திரம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் செல்கிறது என்பதை ஐக்கியத்தின் நிபந்தனையாக்கவில்லை.

இளைஞர்களே! 1947-ஐ நன்றியோடு நினைப்போம். ஆனால், ஊரும் சேரியும் ஒரே பந்தியில் அமரும் நாளையே ஐக்கியம் நிறைவுறும் நாளெனக் கொள்வோம்.