வலையை அறுத்தவர்கள் - 4: நில அளவையாளரின் கிண்ணம்

ரோலண்ட் ஹார்டிக்கு நில அளவைதான் துறை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த அவரை 1968-இல் வாட்டிய கேள்வி இது: மேடு பள்ளமான நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இடங்களின் உயரம் மட்டும் தெரியும். அளக்காத இடங்களை எப்படிக் கணிப்பது? பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டு முயன்றால், அளந்த புள்ளிகளுக்கு நடுவே இல்லாத குன்றெல்லாம் முளைத்தது.

அளந்த ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு கிண்ண வடிவப் பரப்பை வைத்தார் ஹார்டி. புள்ளியிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தோடு ஒரு மாறிலியின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்தப் பரப்பு கிடைத்துவிடும். கிண்ணங்களை வேண்டிய அளவு நிமிர்த்தியும் கவிழ்த்தும் கூட்ட, நிலம் உருவெடுத்தது. 1971-இல் கட்டுரை வெளிவந்தது.

அதன் அருமையை ஊரறியச் செய்தவர் மாண்டரே கடற்படை முதுநிலைக் கல்லூரியின் ரிச்சர்ட் ஃபிராங்கி. சிதறிய புள்ளிகளுக்குப் பரப்பு பொருத்தும் ஏறத்தாழ 30 முறைகளை மோதவிட்டுப் பார்த்தார். 1982-இல் முடிவு அச்சானது. முன்னணியில் நின்றது ஹார்டியின் கிண்ணம்! அது எப்போதும் விடை தரும் என்பதை மட்டும் அவர் ஊகமாகவே விட்டார். 1986-இல் ஐபிஎம் ஆய்வாளர் சார்லஸ் மிச்செல்லி அதை நிறுவினார்: எந்த இரு புள்ளிகளும் ஒரே இடத்தில் விழாதவரை, விடை உறுதி.

பிறகு வந்தார் எட்வர்ட் கன்சா. ஓர் உலோகத் தகட்டின் ஓரங்களில் வெப்பநிலை தெரியும், உள்ளே எவ்வளவு? தகட்டை முக்கோணங்களாக வலையிட்டுத்தான் இதைக் கணக்கிடுவது வழக்கம். வடிவம் சிக்கலானால் வலை போடுவதே பெரும்பாடு. 1990-இல் கன்சா வெறும் புள்ளிகளைத் தூவினார். உள்புள்ளிகளில் வெப்பச் சமன்பாட்டையும், ஓரப்புள்ளிகளில் தெரிந்த வெப்பநிலையையும் கிண்ணங்களின் கூட்டுத்தொகை நிறைவு செய்தால் போதும் என்றார். இந்த வரலாற்றிலேயே துணிச்சலான அடி இதுதான் என்பேன். சொற்பப் புள்ளிகளிலேயே துல்லியமான விடை வந்தது.

ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. கிண்ணங்களின் அளவைக் கண்டறியும் சமன்பாடுகளை அடுக்கிய அணியில், உள்புள்ளிகளுக்கான வகையிட்ட வரிசைகளும் ஓரப்புள்ளிகளுக்கான வகையிடாத வரிசைகளும் கலந்துவிட்டதால், மிச்செல்லியின் நிரூபணம் இதற்குச் செல்லாது! விடை உண்டு என்ற உத்தரவாதமே இல்லாமல் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதைப் பயன்படுத்தினார்கள். ஒருமுறைகூடக் கவிழவில்லையே என்பதுதான் அவர்களுடைய தைரியம்.

கவிழ்க்கும் புள்ளிக்கூட்டம் ஒன்று எங்காவது இருக்குமா? ஹாங்காங்கின் ஹானும் ஜெர்மனியின் ராபர்ட் ஷாபாக்கும் கணினியை முடுக்கித் தேடத் தொடங்கினார்கள். 2001-இல் அவர்கள் வெளியிட்ட விடை...

(தொடரும்)